இருதலைப் பசுவும் நம் பாலையும்

பாலைத் திணையை வகுப்பறையில் நடத்தும்போது நம்மில் பெரும்பாலோர் ஒரே பாடத்தைத்தான் ஆண்டுதோறும் ஒப்பித்து வருகிறோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். பிரிவும் பிரிதல் நிமித்தமும். தேர்வில் ஐந்து மதிப்பெண். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மாணவன் விடுதிக்குத் திரும்பி, மடிக்கணினியைத் திறந்து, அணுப்போருக்குப் பின் எஞ்சிய பாழ்நிலம் ஒன்றில் இரவெல்லாம் குடிநீர் தேடி அலைகிறான். 'பொழுதை வீணாக்குகிறாயே' என்று அவனைக் கண்டிக்க மட்டும் நமக்கு வாய் இருக்கிறது. அவன் நடக்கும் நிலம் எத்தகையது, அதைப் புனைந்தவர்கள் என்ன சொல்ல முனைகிறார்கள், எங்கே பொய் சொல்கிறார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு புனைவைப் படிக்காமலேயே தள்ளிவைக்கும் இப்பழக்கத்துக்குச் சிற்றிதழ்ச் சூழலில் 'ரசனை' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். நாம் அதை அசட்டை என்றே அழைக்க விரும்புகிறோம்.

'ஃபால்அவுட்' என்னும் கணினி விளையாட்டு வரிசையையே இங்கே எடுத்துக்கொள்வோம். முதற்பாகம் 1997 அக்டோபரில் வெளிவந்தது. (அதே ஆண்டு சனவரியில்தான் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இதில் உட்பொருள் ஏதும் இல்லை. ஆண்டை நினைவில் வைக்க உதவும்.) அணுப்போருக்கு அஞ்சி நிலவறைக்குள் பதுங்கிய ஒரு கூட்டத்தின் குடிநீர்க் கருவி பழுதாகிறது. மாற்று உறுப்பைத் தேடி ஒருவன் மேலே அனுப்பப்படுகிறான். 150 நாள்களுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். கதையின் தொடக்கம் இவ்வளவுதான். பெத்தெஸ்டா நிறுவனம் 2008-இல் வெளியிட்ட மூன்றாம் பாகமும் நீரைப் பற்றியதே. 2077-இல் உலகம் எரிந்து போகிறது. கதை நிகழ்வதோ 2277-இல். வாஷிங்டன் நகரின் இடிபாடுகளுக்கிடையே, கதிர்வீச்சு கலந்த ஆற்றுநீரைத் தூய்மைப்படுத்தி எல்லோர்க்கும் வழங்க வேண்டும் என்று ஒரு தந்தை கனவு காண்கிறார். அக்கனவை மகனோ மகளோ (நாம் தேர்ந்துகொள்ளலாம்) முடித்துவைக்க வேண்டும். வழியில் மெகாடன் என்றோர் ஊர். வெடிக்காமல் விழுந்து கிடக்கும் அணுகுண்டைச் சுற்றிக் கட்டிய ஊர் அது; அக்குண்டையே தெய்வமாக வழிபடுவோரும் அங்கு உண்டு. ஊர் வாயிலுக்கு வெளியே ஒருவன் குந்தியிருக்கிறான். அவன் காசு கேட்பதில்லை, சோறு கேட்பதில்லை, குடிக்க நல்ல தண்ணீர் கேட்கிறான். கொடுப்பதும் கொடாததும் நம் விருப்பம். கொடுத்தால் நம் கைவசமுள்ளது குறையும்.

இவ்விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பு இந்தியாவுக்கு வராது என்று 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்தியாவின் பண்பாட்டு உணர்வுகளைக் கருதி எடுத்த வணிக முடிவு என்பதே விளக்கம். எந்த உணர்வு, யாருடைய உணர்வு, விளையாட்டின் எந்தப் பகுதி? ஒன்றும் சொல்லப்படவில்லை. பொதி சுமக்கவும் பால் கறக்கவும் பயன்படும் இரண்டு தலைப் பசு ஒன்று இவ்வரிசையில் உண்டு. கதிர்வீச்சால் உருத்திரிந்த அவ்விலங்குக்கு 'பிராமின்' என்று பெயர். பலரும் இதையே காரணமாக ஊகித்தனர். நிறுவனம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். அவ்வாண்டு சூலையில் ஆஸ்திரேலியாவின் தணிக்கை அமைப்பு இவ்விளையாட்டுக்குச் சான்று மறுத்தது. மார்ஃபின் என்னும் உண்மையான மருந்தின் பெயரைக் கதையில் கையாண்டதே காரணம் என்று எழுத்தில் சொன்னது. பெயரை மாற்றினார்கள், சான்று கிடைத்தது. சப்பானியப் பதிப்பில் மெகாடன் குண்டை வெடிக்கச் செய்யும் தேர்வையே நீக்கினார்கள். இரோஷிமாவை நினைப்பவர்களுக்கு அதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்விரண்டு முடிவுகளோடும் நாம் உடன்படலாம், முரண்படலாம். ஆனால் முரண்படுவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு வாய்த்ததோ ஒற்றைச் சொற்றொடர். அரசு தடுக்கவில்லை, நீதிமன்றம் தடுக்கவில்லை. நம் மனம் புண்படும் என்று ஒரு கடைக்காரர் தாமே முடிவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டார். நூலொன்றுக்கு இது நேர்ந்திருந்தால் கையெழுத்து இயக்கங்களும் கண்டனக் கூட்டங்களும் நடந்திருக்கும். விளையாட்டுதானே என்று விட்டுவிட்டால், எது நம்மைப் புண்படுத்தும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அத்தோடு போய்விடுகிறது. சொல்லப்போனால் 2015-இல் நான்காம் பாகம் நம் நாட்டுக் கடைகளில் வெளிப்படையாகவே விற்பனைக்கு வந்தது. அதிலும் அதே பசு, அதே இரண்டு தலை, அதே பெயர். ஏழாண்டுகளில் பண்பாட்டு உணர்வு எங்கே போயிற்று என்று கேட்கவும் ஆளில்லை.

அந்தப் பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 'பிராமன்' என்றோர் மாட்டினம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓங்கோல், கிர் முதலிய திமில் மாடுகளிலிருந்து அங்கே உருவாக்கப்பட்ட இனம் அது. விளையாட்டின் இருதலைப் பசுவின் பெயர் அதன் மீதான சிலேடை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆக, நம்மூர் மாடு அமெரிக்கா போய், பெயர் மாறி, அணுகுண்டில் வெந்து, இன்னொரு தலையும் முளைத்து ஊர் திரும்புகையில் நாம் புண்படக்கூடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். காங்கேயம் காளையையும் ஆலம்பாடி மாட்டையும் சந்தையில் பல்பிடித்துப் பார்த்து வாங்கும் நம் பக்கத்து உழவர்களிடம் கேட்டிருந்தால், இரண்டு வாய்க்கும் தீவனம் வைக்க வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டிருப்பார்கள்.

பேரழிவைப் பார்த்துச் சிரிப்பது தமிழுக்குப் புதிதுமன்று. தாது வருடப் பஞ்சத்தைப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' என்னும் நூலை நம்மில் எத்தனை பேர் மாணவர்க்கு அறிமுகம் செய்கிறோம்? மக்கள் பசியால் மடிகையில் மதுரைச் சொக்கநாதரே சிவகங்கைச் சமீன்தாருக்கு உதவிகேட்டுத் திருமுகம் எழுதுவதாக அமைந்த அங்கத நூல் அது. கடவுளுக்கே கையாலாகவில்லை, சமீன்தாரிடம் சிபாரிசு கேட்கிறார்! பண்பாட்டு உணர்வு என்னும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இன்று யாரேனும் அந்நூலை அளந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம். பஞ்சத்தின் கொடுமையை நேரே சொல்லி மாளாத இடத்தில்தான் அங்கதம் பிறக்கிறது. எரிந்த நகரத்தின் மேல் 1940-களின் காதற்பாட்டை வானொலியில் ஓடவிடும் ஃபால்அவுட்டும் அந்த வழியில் வருவதுதான்.

தாது வருடம் என்றவுடன் நம் மாவட்டத்தை நினைக்காமலிருக்க முடியாது. 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881-இல் அது 16 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. 1876-78 பஞ்சம் செய்த வேலை இது. பத்தாண்டில் ஐவருக்கு ஒருவர் குறைந்த நிலத்தின் மேல் நின்றுகொண்டு, பேரழிவுக் கதை என்பது அமெரிக்கச் சரக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களை என்ன சொல்வது?

அவ்வளவு பின்னே போகவும் வேண்டாம். சேலத்துக்கு வடக்கே மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு வேறு காட்சியமைப்பு தேவைப்படாது. திருமணிமுத்தாறு என்று முத்தைப் பெயரில் வைத்திருக்கும் ஆறு, நகரத்தின் கழிவும் சாயக் கழிவும் சுமந்து நாமக்கல் பக்கம் இறங்குகிறது. ஆற்றுநீரைக் குடித்தால் உடலில் நஞ்சேறும் என்னும் விளையாட்டு விதியை நம் மாணவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்ட காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அவ்வண்டிகளின் சொந்த ஊர்ப்பக்கமே ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் மேலே வந்த காடுகள் எத்தனை! நகையை அடகுவைத்துப் போர் போட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை, திரையில் ஒரு புட்டி நல்ல தண்ணீரைக் கண்டெடுக்கையில் என்ன உணர்கிறான் என்பது இலக்கியக் கேள்வி இல்லையென்றால் வேறு எது இலக்கியக் கேள்வி?

இங்கேதான் பாலை வருகிறது. நானிலத்துக்கும் தெய்வம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன என்னும் விளக்கத்தைச் சிலம்பின் காடுகாண் காதையில் காண்கிறோம். (அதைச் சொல்பவன் மாங்காட்டு மறையோன். பாழ்நிலத்துக்கும் பிராமணருக்கும் முதலில் முடிச்சுப் போட்டவர் இளங்கோ என்று மைக்ரோசாஃப்டுக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம்.) பாலை படைக்கப்பட்டதன்று, ஆக்கப்பட்டது. நிலம் திரிந்து பாலையாகிறது என்றால் திரித்தது எது, மீளுமா என்னும் கேள்விகள் உடனெழ வேண்டும். நம் பாடத்திட்டத்தில் அவை எழுவதில்லை. பாலையைத் தலைவியின் கண்ணீராகச் சுருக்கிவிட்டு நிலத்தைக் கைகழுவிவிட்டோம். விளையாட்டு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதைச் சரியாகச் செய்திருக்கிறதா? இல்லை என்பதே நம் கருத்து. மூன்றாம் பாகத்தில் வழிப்பறிக் கூட்டத்தார் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலோர்க்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, வீடு இல்லை. கண்டதும் சுட வேண்டும் என்பதற்காகவே பிறந்தவர்கள். நம் பாலையிலும் ஆறலைப்போர் உண்டு. ஆனால் இளங்கோ அவர்களுக்கு வேட்டுவ வரி என்று ஒரு காதையையே தந்திருக்கிறார். எயினர்க்கு அங்கே தெய்வம் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, பாட்டு இருக்கிறது. வழிப்போக்கரின் பொருளைப் பறிப்போர் தம் கொற்றவையைப் பாடுவதை நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. பல கோடி டாலர் புழங்கும் தொழில் இந்த இடத்தில் ஒரு துறவியிடம் தோற்று நிற்கிறது. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் நாம்தான். நாமோ விளையாட்டைத் தொட மாட்டோம் என்கிறோம்.

இன்னொரு குறையை வகுப்பில் ஒரு மாணவர் சுட்டினார். அவர் தந்தைக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. 'இருநூறு ஆண்டுகளாகச் சாலையெல்லாம் வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒருவனுக்குக்கூட ஒன்றைக் கழற்றி மாட்டி ஓட்டத் தெரியவில்லையா ஐயா?' என்றார். (இரண்டாம் பாகத்தில் ஒரு கார் உண்டு, மூன்றாம் பாகத்தில் ஓடும் வண்டி ஒன்றுகூட இல்லை.) சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. பேரழிவுக்குப் பின் மனிதர் செய்வது கொலையும் கொள்ளையுமே, பழுது பார்ப்பது நாயகன் ஒருவனின் திறமை மட்டுமே என்று இவ்வகைக் கதைகள் நம்பவைக்கின்றன. நாமக்கல் பட்டறைகளை அறிந்தவர் அதை நம்ப மாட்டார். எல்லோர்க்கும் நீர் என்னும் பெருங்கனவும் முடிவில் ஒற்றை ஆளின் தியாகமாகக் குறுகிவிடுகிறது. ஊர் கூடி ஏரி தூர்வாரும் காட்சி அங்கே கிடையாது. உழவு பெயரளவுக்கே உண்டு. மழைக்காலமும் இல்லை.

வன்முறை என்கிறார்கள். போர்க்களத்தில் பேய்கள் பிணங்கொண்டு கூழ் சமைக்கும் கலிங்கத்துப்பரணியை முதுகலையில் பாடம் நடத்தும் நாம் இதை வாயெடுத்துச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

சூதாட்டம் என்கிறார்கள். இது சற்று வலுவான ஐயம், ஆனால் வேறொன்றைப் பற்றியது. பணம் வைத்தாடும் இணைய ரம்மியால் குடும்பங்கள் அழிந்தது உண்மை. 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற மாநிலச் சட்டம் அதனால் வந்ததே. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டதற்கோ தரவுப் பாதுகாப்பும் நாட்டுப் பாதுகாப்புமே காரணமாகச் சொல்லப்பட்டன. இம்மூன்றையும் 'விளையாட்டு' என்னும் ஒரே சாக்கில் கட்டுவது, சூதாடுவோர் கையில் இருப்பதும் அட்டை, நூலின் மேலிருப்பதும் அட்டை என்று வாதிடுவதற்கு ஒப்பாகும்.

2010-இல் வந்த 'நியூ வேகாஸ்' பாகத்தை நாம் இவ்வரிசையிலேயே சிறந்ததாக மதிப்பிடுகிறோம். அதில் மூன்று அதிகாரங்கள் ஓர் அணைக்காக மோதுகின்றன. அது கொலராடோ ஆற்றின் மேல் 1930-களில் கட்டப்பட்ட உண்மையான ஊவர் அணை. யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே நீரும் மின்சாரமும். எந்தத் தரப்பும் முழுக்க நல்லதில்லை, எத்தரப்பையும் ஆதரித்து வாதிட இடமிருக்கிறது. காவிரி வழக்கை நாளிதழில் படித்து வளர்ந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும் கதை. அதே பத்தாண்டில், 1934-இல், நம் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நிரம்பினால் 120 அடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிப்போன ஊர்களின் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த ஊர்களுக்குள் நடந்து திரியவும், அங்கிருந்து எழுந்து போனவர்களோடு பேசவும், போக மறுத்தவனிடம் காரணம் கேட்கவும் இடமளிக்கும் ஒரு புனைவை இந்தக் கலைவடிவத்தில் செய்ய முடியும். கணிப்பொறி படித்த பிள்ளைகள் நம் கல்லூரிகளிலேயே நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது மொழியும் நிலத்தின் கதையும். அவை இருக்கும் துறையோ பக்கத்துக் கட்டடத்தில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இக்கட்டுரையை மறுத்து எழுத விரும்பும் நண்பர்கள் எழுதட்டும். எழுதுமுன் மூன்றாம் பாகத்தை ஒரு பத்து மணி நேரமாவது ஆடிவிட்டு எழுத வேண்டும் என்பதே நம் ஒரே நிபந்தனை. படிக்காத நாவலுக்கு மதிப்புரை எழுதினால் ஒப்புக்கொள்வோமா?