மைக்கும் அதன் காலும்

சங்கத்தின் சந்தாப் பணத்தில் ஒரு பெரிய ஒலிபெருக்கி வாங்கவேண்டும் என்ற யோசனை செயற்குழுவின் முன் இருக்கிறது. பொங்கல் விழாவில் பின் வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். ஆகவே சக்தி போதவில்லையாம். ஆகவே ஐம்பது வாட் போய் இருநூறு வாட் வரவேண்டுமாம். பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்த வாதத்தை நான் மறுக்கிறேன். அன்று பழுது இருந்தது ஒலிபெருக்கியிலும் அல்ல, மைக்கிலும் அல்ல. அந்த மைக்கைத் தாங்கி நின்ற இரும்புக் காலில்.

நடந்ததை நினைத்துப் பாருங்கள். தலைவரும் பேராசிரியர் இருவரும் பேசியபோது பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. முதலாண்டு மாணவி ஒருவர் பேச எழுந்தபோதும், தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த சிறுவர்கள் குறள் ஒப்புவித்தபோதும்தான் "கேட்கவில்லை, கேட்கவில்லை" என்ற கூச்சல். மண்டபம் அதே மண்டபம், கருவிகளும் அவையே. மாறியது பேசுபவரின் உயரம் ஒன்றே. ஸ்டாண்டின் திருகு துருவேறி இறுகிக் கிடந்தது. நெட்டையான தலைவருக்கென்று வைத்த உயரத்திலேயே மாலை முழுதும் நின்றது. வாடகைக்குக் கொண்டுவந்தவர் இரண்டு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். கூட்டினார். மைக் ஊளையிட்டது. தில்லிக் குளிரில் விறைத்திருந்த கூட்டத்திற்கு அது ஒன்றுதான் அன்று சூடு தந்தது!

இனிக் கணக்கைப் பார்ப்போம். தரையிலிருந்து 155 செ.மீ. உயரத்தில் மைக். நெட்டையானவர் வாய்க்கும் அதற்கும் 10 செ.மீ. இடைவெளி. ஒன்பது வயதுச் சிறுவனின் வாய் ஏறத்தாழ 115 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அவனுக்கு இடைவெளி 40 செ.மீ. தூரம் நான்கு மடங்கானால் மைக்கை எட்டும் ஒலி அழுத்தம் நான்கில் ஒன்றாகும்; அதாவது 12 டெசிபல் குறையும். சக்தியோ பதினாறில் ஒன்றாகும். பெரியவர் பேச்சுக்கு ஐம்பது வாட் உழைத்த கருவி, அதே உரத்த குரலில் சிறுவன் ஒப்புவித்தாலும் மூன்று வாட்டுக்குத்தான் உழைக்கிறது. கருவி களைத்துப் போகவில்லை ஐயா, வேலையின்றிச் சோம்பி நிற்கிறது! நாமோ அதைவிடப் பெரிய சோம்பேறி ஒன்றை விலைக்கு வாங்கப் புறப்பட்டிருக்கிறோம்.

பெருக்கத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் சிறுவன் குரல் மட்டுமா பெருகும்? ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி, சுவரில் மோதி, மைக்கிற்கே திரும்பி வரும் ஒலியும் பெருகும். ஒரு சுற்றுச் சுற்றி வரும் ஒலி, புறப்பட்டபோது இருந்த அளவுக்குக் குறையாமல் திரும்புமானால், ஊளை தொடங்கிவிடும். இதற்கு லார்சன் விளைவு என்று பெயர். இருநூறு வாட் கருவியானாலும் இந்த எல்லையை ஓர் அங்குலமும் நகர்த்தாது. நகர்த்தக்கூடியது, வாய்க்கும் மைக்கிற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதே. அது ஸ்டாண்டின் வேலை.

திசையும் சேர்ந்துகொள்கிறது. ஷூர் நிறுவனத்தில் பெஞ்சமின் பாவர் வடிவமைத்து 1939-ல் வெளிவந்த யூனிடைன் முதல், 1966-ல் வந்து இன்றுவரை மேடைகளை ஆளும் எஸ்.எம். 58 வரை, இவ்வகை மைக்குகள் முன்புறத்து ஒலியையே விரும்பிக் கேட்பவை. தொண்ணூறு பாகைப் பக்கவாட்டில் அவற்றின் செவிப்புலன் பாதியாகிவிடும். நேர் பின்புறத்தில் ஏறக்குறையச் செவிடு. கிடையாக நீட்டி வைத்த மைக்கின் கீழே நிற்கும் சிறுவன், அந்தப் பாதிச் செவியின் பக்கத்தில்தான் நின்றான். மைக்கைச் செய்தவர்களின் அருமையான அறிவையெல்லாம் துருப்பிடித்த ஒரு திருகு வீணாக்கிவிடுகிறது.

ஸ்டாண்டு வாங்குவது எளிது, நல்ல ஸ்டாண்டை அறிவது எளிதன்று. மூன்று கிலோ எடையுள்ள முக்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத்தண்டிலிருந்து ஒவ்வொரு காலின் நுனியும் 30 செ.மீ. இந்த முப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. முக்காலி ஒரு நுனியின்மேல் சாய்வதில்லை; இரண்டு நுனிகளை இணைக்கும் கோட்டின்மேல் சாய்கிறது. அந்தக் கோடு தண்டிலிருந்து 15 செ.மீ. தூரந்தான். நிமிர்த்திப் பிடிக்கும் திருப்புத்திறன் 45 கிலோ-செ.மீ. ஆகவே, 150 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் 300 கிராம் இழுப்புப் போதும், எல்லாம் தரையில். மைக்கின் வாலில் தொங்கும் கம்பியை ஒரு தொண்டர் காலால் இடறினாலே அவ்வளவு இழுப்பு வந்துவிடும். அதே கம்பியைத் தண்டோடு சுற்றி இறக்கி அடியில் கட்டிவிட்டால், இழுப்பு 5 செ.மீ. உயரத்தில் விழும், சாய்க்க ஒன்பது கிலோ வேண்டும். அதற்குள் ஸ்டாண்டு சறுக்குமேயன்றிச் சாயாது. ஒரு சாண் நூல் செய்யும் வேலை இது!

வட்டத் தட்டு அடியுள்ள ஸ்டாண்டு 15 செ.மீ. ஆரத்திலேயே இதே உறுதியை எல்லாத் திசையிலும் தரும். பேச்சுக்கு அதுவே சிறந்தது. ஜமக்காளம் சுருண்ட மேடையில் மட்டும் அது ஆடும். வீணைக்கும் மிருதங்கத்திற்கும் குறுக்குக் கை வைத்த முக்காலி வேண்டும். எழுபது செ.மீ. நீளும் கையின் நுனியில் 350 கிராம் மைக் இருந்தால், கையின் எடையை விட்டுவிட்டாலும், இரு கால்களுக்கு நடுவே நீட்டும்போது கவிழ்க்கும் திறன் ஏறத்தாழ 19 கிலோ-செ.மீ.; ஒரு காலுக்கு நேர் மேலே நீட்டினால் ஏழுதான். காலைத் திருப்பி வைக்கக் காசு வேண்டியதில்லை.

கம்பியில்லாக் கைமைக் வந்துவிட்ட காலத்தில் காலைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு கையில் காகிதமும் மறு கையில் மைக்குமாக நிற்பவரைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் மைக் மார்புக்கு இறங்கிவிடும். சிலர் பாட்டுக்காரர்களைப் பார்த்துத் தலைவலையையே பொத்திப் பிடிப்பார்கள்; பின்புறத்துத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கி ஊளையிடும். பழகியவருக்குக் கைமைக் நல்லதே. முதன்முதலாக மேடையேறும் குழந்தைக்கு அன்று.

எனக்கு மனம் பொறாதது வேறொன்று. விழா முடிந்த இரவு விடுதிச் சாப்பாட்டறையில், "பெண் குரல் எடுபடாது, அடுத்த வருஷம் தொகுத்துரைக்க ஆண் பிள்ளைகளையே போடுவோம்" என்று சிலர் தீர்ப்பளித்தார்கள். நம் நாட்டில் ஆண்களின் சராசரி உயரத்திற்கும் பெண்களின் சராசரி உயரத்திற்கும் ஏறத்தாழ அரையடி வித்தியாசம். அந்த அரையடியைக் குரலின் குற்றமாக எழுதிவிட்டோம். அந்தச் சிறுவர்களோ இந்த ஊரில் வெளியே இந்தியும் வீட்டில் தமிழுமாக வளர்பவர்கள். உரக்கத் தமிழ் பேச அவர்களுக்கு வருஷத்திற்கு ஒரு மேடை கிடைக்கிறது. அதிலும் "கேட்கவில்லை" என்ற கூச்சலை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒலிபெருக்கிக்கு ஒதுக்க நினைக்கும் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்து கிலோ வட்ட அடியுள்ள ஸ்டாண்டு ஒன்றும் குறுக்குக் கை முக்காலி ஒன்றும் வாங்கவேண்டும் என்பது என் யோசனை. 90 செ.மீ. வரை இறங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பித்தளைப் புரி வளையங்களும் மறக்கக்கூடாது. அமெரிக்க முறையில் புரி ஐந்தெட்டு அங்குலம், ஐரோப்பிய முறையில் மூன்றெட்டு அங்குலம், வளையமில்லாமல் ஒன்றோடொன்று சேராது. தண்டில் 110, 135, 150 செ.மீ. உயரங்களில் வண்ணக்கோடு போட்டு, ஒவ்வொருவர் எழும்போதும் உயரத்தை மாற்றுவதற்கென்றே ஒரு தொண்டரை மேடையோரம் நிறுத்தலாம். பத்து விநாடி வேலை.

செயற்குழு கூடும் நாளில், இரவல் வாங்கிய இரு ஸ்டாண்டுகளும் ஒரு வில் தராசும் கொண்டுவருகிறேன். எது எத்தனை கிராம் இழுப்பில் சாய்கிறது என்பதை அங்கத்தினர்கள் தாங்களே இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.