புலிக்குகையோடு திரும்பிவிடுகிறவர்கள்

திருப்போரூர் கந்தசாமி கோயிலில் அர்ச்சனை. நெம்மேலி வழியாகக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பே, சாளுவன்குப்பத்தில் இறங்கினோம். கூட வந்தது மச்சினன் குடும்பம். புலிக்குகையில் ஆளுக்கு இருபது போட்டோ. அடுத்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு முருகன் கோயிலுக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன மாமா, வெறும் செங்கல்லா இருக்கு?"

கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. அது என்ன செங்கல் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

2004 டிசம்பர் 26 சுனாமி இங்கே மணலை அரித்தபோது பாறைக் கல்வெட்டு வெளியே வந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து எழுத்து. திருவிழிச்சில் என்ற ஊரையும் அங்கிருந்த சுப்பிரமணியர் கோயிலையும் சொன்னது. தொல்லியல் துறை 2005-ல் தோண்டியது. வடக்கு நோக்கிய கோயில், வாசலில் கல்லால் ஆன வேல், சுடுமண்ணில் குரவைக் கூத்து. மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம், அதற்கும் அடியில் செங்கல் கோயில்.

நான் பி.காம். எனக்குப் பிடித்தது தூண்களில் இருக்கும் கணக்குதான். கார்த்திகை விழாவுக்கு ஒருவர் 10 கழஞ்சு பொன் தருகிறார். விளக்கெரிக்க வசந்தனார் என்ற பெண்மணி 16 கழஞ்சு. ஒன்பதாம் நூற்றாண்டு சார்! யார், எதற்கு, எவ்வளவு எல்லாம் கல்லில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு டியூப் லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயரை எழுதுகிறோமே, அது வேறு கதை.

செங்கல் கோயில் சங்க காலம் என்றார்கள் தோண்டியவர்கள். ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் நம் செல்போனுக்கு வரும் செய்தியில் இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. 'உலகின் முதல் முருகன் கோயில்! தமிழனா இருந்தா ஷேர் பண்ணு!' பண்ணுகிறோம். போய்ப் பார்க்கிறோமா என்றால், அதுதான் இல்லை.

ஸ்வீடனில் உப்சாலா நகரத்துக்கு 5 கிலோமீட்டர் வடக்கே பழைய உப்சாலா. புலிக்குகை மாமல்லபுரத்திலிருந்து ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே தோர், ஓடின், ஃப்ரே என்று மூன்று தெய்வங்களுக்குப் பொன் வேய்ந்த கோயில் இருந்ததாக, பிரேமன் ஊர் ஆதாம் என்ற பாதிரியார் பதினோராம் நூற்றாண்டில் எழுதினார், அதுவும் கேள்விப்பட்டதை வைத்து. அந்தக் கோயில் இன்றுவரை உறுதியாக அகப்படவில்லை. மிச்சம் பெரிய மண்மேடுகளும் ஒரு பழைய தேவாலயமும்தான். இருந்தும் பக்கத்திலேயே மியூசியம் கட்டி, எது தெரியும் எது தெரியாது என்று விளக்குகிறார்கள். மண்மேட்டைப் பார்க்கச் சனம் வருகிறது.

நம்மிடம் கோயிலே கிடைத்துவிட்டது. தூணில் கணக்கு, வாசலில் வேல். 'இது சங்க காலம் என்கிறார்கள், மறுப்பும் இருக்கிறது' என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் முருகனுக்கு என்ன குறைந்துவிடும்? அந்தப் பிள்ளை அடுத்த கேள்வி கேட்கும். அதுதான் நமக்குப் பயமோ என்னவோ!

கிருத்திகைக்குத் திருப்போரூர் வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இங்கே வந்தாலே போதும். திருப்போரூர் பஸ் நிலையத்தில் அரைமணிப் பயணத்தில் இப்படி ஒரு கோயில் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு வையுங்கள். புலிக்குகை வாசலில் இன்னொன்று. செலவு அதிகம் ஆகாது. வசந்தனார் கொடுத்த 16 கழஞ்சில் ஒரு துளி போதும்.

காரில் ஏறும்போது மச்சினன் கேட்டான்: "ஒரு கழஞ்சுன்னா எத்தனை கிராம் மாமா?"