அடையாறு செத்த ஆறு என்று சொன்னது யாருங்க?

போன வாரம் பெசன்ட் நகர் பீச்சில் நண்பன் ஒருத்தன், "அடையாறு வெறும் சாக்கடைடா. ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பி நடைபாதை போட்டா ஊராவது அழகா இருக்கும்" என்றான். சொல்லும்போது அவன் கையில் இறால் வறுவல். இந்தப் பதிவு அவனுக்காக :-)

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வளர்வதோ கழிமுகத்தில். ஓதத்தோடு உள்ளே வந்து, உப்பும் நல்ல தண்ணியும் கலந்த ஆழமில்லாத சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மடவை மீனுக்கும் இதே கதைதான். ஆக, கழிமுகம் கெட்டால் கடல் மீனும் குறையும்.

அந்த வாசல் எங்கே? உடைந்த பாலத்துக்குக் கிழக்கே, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவில். கடல் மணலைக் கொண்டுவந்து அங்கே குவிக்கும். மழைக்கால வெள்ளம் அதைத் தள்ளிவிடும். கோடையில் ஆற்றுக்கு வேகம் இல்லை, வாசல் குறுகிவிடும். ஓதம் வராவிட்டால் உள்ளே மிஞ்சுவது நாம் விட்ட கழிவுதான்.

இதற்கும் குப்பத்து ஜனங்களைத்தான் கை காட்டுகிறோம். தி.நகர் கழிவு மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றில் கலக்கிறதே, அது யாருடையது? மீன் குறைந்தால் முதல் அடி வலை வீசுகிறவருக்கு. நாம் மார்க்கெட்டில் விலையைக் கேட்டு முகம் சுளிப்பதோடு சரி.

2011-ல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். அலையாத்திச் செடியெல்லாம் நட்டார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஓதத் தண்ணி போவதும் இதே வாசல் வழியாகத்தான். வாசலைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு பூங்காவைக் காட்டி என்ன பெருமை?

மீனைப் பற்றிக் கவலை இல்லையா? 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கோட்டூர்புரத்தை மூழ்கடித்த வெள்ளமும் கடலுக்குப் போக இதே வாசல்தான்.

மழைக்கு முன்னாடி பொக்லைன் விட்டு மணலை அள்ளினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இறால் குஞ்சு காலண்டர் பார்த்தா வரும்? வருஷம் முழுக்க ஓதம் வந்து போகணும். கழிவு கலப்பது நிற்கணும். சுவரும் நடைபாதையும் அப்புறம் பேசலாம்.

நண்பா, கோபப்படாதே. ஒரு நாள் விடியற்காலையில் முகத்துவாரத்துக்கு வா. வலை இழுக்கிறவரிடம் இது செத்த ஆறா என்று நீயே கேள். அடுத்த பிளேட் வறுவல் என் கணக்கு.