உட்காரச் சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் கால் மடங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆள் வராத மத்தியான வேளையிலும் சுவரில் சாயக்கூடாது. கேமராவில் தெரிந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். போன ஆடித் தள்ளுபடியின்போது என் பக்கத்தில் நின்ற பெண், கால் வீங்கிப்போய், சேலைக்கட்டின் மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். அதற்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவள்மேல்தான் தப்பு என்று நினைத்தோம்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குக் கடைப் பணியாளர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல வருடம் போராடியதால் கேரளத்தில் 2018இலேயே இந்த உரிமை வந்துவிட்டது. எங்கள் தளத்துக்கு இன்றுவரை ஒரு ஸ்டூல்கூட வரவில்லை.

1947ஆம் ஆண்டின் அதே தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லி வருவது இன்னும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து நான்கு மணி நேரம் உழைத்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நிறுத்தக்கூடாது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரே வார்த்தையோடு வீட்டுக்குப் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு விஷயமும் இப்படித்தான். மாதம் 7,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்று 70,000 ரூபாய் கேட்டார்கள். சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன். காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, மீதியை ஆறு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தார் வீட்டுக்காரர். அத்தனை மாதமும் அடகுக்கு வட்டி கட்டியது நான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் வேறுவிதமாக உடன்பாடு இருந்தால் மூன்று மாத வரம்பு பொருந்தாது என்று அதிலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று சாமான்களோடு தெருவில் நிற்கிறவர் எதற்குத்தான் உடன்பட மாட்டார்?

சட்டம் தெரியாமல் இருந்தது உங்கள் குறைதானே என்று சிலர் கேட்கலாம். பத்து மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள் அரசிதழைத் தேடிப் படிக்கவா முடியும்? சட்டம் போட்ட அரசுதான் அதை எங்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில் மாட்ட வேண்டும்.

அரசிடம் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு கடையிலும் வேலை நேரம், ஓய்வு, விடுப்பு, இருக்கை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எளிய தமிழில் எழுதி, வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் பலகையாக வைக்கச் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், அதற்கு அழைக்க வேண்டிய 15100 என்ற எண்ணையும் அதில் சேருங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் மேனேஜர் அறையோடு திரும்பிவிடாமல், மாலை ஏழு மணிக்கு விற்பனைத் தளத்துக்கு வந்து இருக்கைகளை எண்ணிப் பார்க்கட்டும். வாடகைச் சட்டத்தில் இருக்கும் அந்த விதிவிலக்கை நீக்குங்கள்.

சேலை எடுக்க வரும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் தருகிறோம். அடுத்த முறை வரும்போது, "இந்தப் பெண்கள் எங்கே உட்காருவார்கள்?" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேலை போய்விடும். அந்தப் பயத்தால்தான் இந்தக் கடிதத்திலும் என் பெயர் இல்லை.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைப் பெண் பணியாளர்,
சைதாப்பேட்டை, சென்னை.