பைப்பை நாங்கள் ஒட்டுவோம், தொட்டியை யார் கட்டுவது?



கடந்த வறட்சியில் எங்கள் டிவிசனில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பெரிய சண்டை. ஒரு வீட்டார் இரவோடு இரவாக ஊற்றுக்குப் போய், தங்கள் ஓஸின் வாயை மற்ற எல்லாருடைய ஓஸுக்கும் மேலே வைத்துவிட்டு வந்தார்கள். விடிந்தபோது கீழ் லயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கோபத்தில் யாரோ அந்த ஓஸைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார்கள். பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் பதினோரு பேர் பொலிஸில் நின்றோம். அன்றைய பேரும் போனது, சம்பளமும் போனது.

சமாதானம் பேசிய பிறகு நாங்கள் சிலர் ஊற்றுக்குப் போய் எண்ணிப் பார்த்தோம். ஒரே ஊற்றிலிருந்து பத்தொன்பது ஓஸ்கள் இறங்கின. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. ஒவ்வொரு வீடும் வருடா வருடம் ஓஸுக்குக் கொடுத்த காசை ஒன்றாகப் போட்டிருந்தால், மலையிலிருந்து லயம் வரைக்கும் நல்ல பீ.வீ.சி. பைப் போட்டு முடித்திருக்கலாம். நான் சொல்ல வந்தது இதுதான்: வீட்டுக்கு ஒரு ஓஸ் இழுக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். லயத்துக்கு ஒரு பெரிய பைப் போட்டு, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு டெப் எடுக்க வேண்டும்.

பைப்பின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்வாய் நான்கு மடங்காகும். அரை அங்குலப் பைப் நான்கிலும் உள்ள இடம் ஒரு அங்குலப் பைப் ஒன்றிலேயே இருக்கிறது. சிறிய பைப்பில் தண்ணீர் சுவரில் உராய்ந்து வேகம் குறைவதும் அதிகம். இருபது சின்னக் குழாயைவிட ஒரு பெரிய குழாய் மேல். காட்டுப்பன்றி மிதிப்பதற்கும் மண் சரிந்து விழுவதற்கும் பாதுகாப்புத் தேட வேண்டியதும் ஒரே ஒரு வழிக்குத்தான்.

ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் எந்தப் பைப்பையும் வாங்கி வராதீர்கள். மின்சார வயர் விடுகிற மெல்லிய பைப்பைத் தண்ணீருக்குப் போட்டு, மூன்றாம் நாள் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பைப்பின் மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். குடிநீர்ப் பைப்பில் எஸ்.எல்.எஸ். 147 என்று இருக்க வேண்டும். பீ.என்.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண் பெரிதாக இருந்தால் பைப் அதிக அழுத்தம் தாங்கும். 10 மீற்றர், அதாவது ஏறக்குறைய 33 அடி உயரத்துக்கு 1 பார் அழுத்தம் என்று கணக்கு. தொட்டி லயத்துக்கு மேலே 60 மீற்றர் உயரத்தில் இருந்தால், டெப்பை மூடியிருக்கும்போது பைப்பில் 6 பார் நிற்கிறது. டெப்பைச் சட்டென்று மூடினால் அதற்கும் மேலே ஒரு அடி விழும். நம்முடைய தோட்டங்கள் எல்லாம் சரிவில் இருப்பதால், மெல்லிய பைப் இங்கே உதவாது. உயரம் மிக அதிகமென்றால் நடுவழியில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு மறுபடி இறக்க வேண்டும். அந்த இடத்தில் அழுத்தம் உடைந்துவிடும்.

அடுத்து, ஒட்டும் வேலை. "அது ஆம்பிளைகள் வேலை" என்று எங்கள் மாதர் சங்கத்திலேயே சிலர் சொன்னார்கள். தண்ணீர் நின்றால் குடத்தோடு பீலிக்குப் போவது யார்? ஆம்பிளைகள் பாதிப் பேர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். அதனால் நானும் இன்னும் மூன்று பெண்களும் கற்றுக்கொண்டோம். நான் ஒட்டிய முதல் எல்போ மறுநாளே கழன்றது. ஈரம் துடைக்காமல் ஒட்டியிருந்தேன். பிறகு கற்றதைச் சொல்கிறேன்.

பைப்பை ஹெக்ஸோ பிளேட்டால் நேராக வெட்டுங்கள். உள்ளேயும் வெளியேயும் உள்ள பிசிறைக் கத்தியால் சுரண்டுங்கள். கம் பூசாமல் ஒருமுறை சொருகி, எதுவரை போகிறது என்று கோடு போடுங்கள். அரத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பைப்பிலும் சொக்கட்டிலும் மெல்லியதாகக் கம் பூசி, கால்வாசி திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். வெளியே வழிந்த கம்மைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் விடாதீர்கள். குளிர்ந்த மலைகளில் கம் மெதுவாகத்தான் இறுகும், அதனால் அவசரம் வேண்டாம். பழைய பைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால், பாணின் நடுப் பகுதியைப் பிசைந்து உள்ளே அடைத்துவிட்டு ஒட்டலாம். பிறகு டெப்பைக் கழற்றி வைத்துத் திறந்தால் பாண் கரைந்து போய்விடும்.

சொக்கட் வாங்கக் காசில்லை என்று பைப்பை அடுப்பில் சுட்டு வாயை அகட்டுகிறோம். அகட்டிய இடத்தில் சுவர் மெலிந்துவிடும், பைப் முதலில் வெடிப்பதும் அங்கேதான். மிஞ்சிய துண்டுகளை அடுப்பு மூட்டவும் போடாதீர்கள். பீ.வீ.சி. எரியும்போது வருகிற புகை அமிலப் புகை. புகைபோக்கி சரியில்லாத லயக் காம்பராவில் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். பைப்பை வெயிலில் கிடக்க விட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒன்றரை அடியாவது தோண்டிப் புதையுங்கள், லொறி போகும் இடத்தில் இன்னும் ஆழமாக. கானுக்குள்ளே மட்டும் பைப்பை விடாதீர்கள். தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் கசிகிற மூட்டு வழியாகக் கான் அழுக்கு உள்ளே போகும். பைப் புதிதாக இருந்தாலும் ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "நாங்களே பைப் போட்டால் கம்பெனி தப்பித்துக்கொள்ளுமே?" எங்கள் தோட்டக் கமிட்டியில் ஒரு மூத்த தோழர் இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. 1992 இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன நாளிலிருந்து, கூரைத் தகரம் முதல் குழாய்த் தண்ணீர் வரை ஒவ்வொன்றாக நம் தலையில் விழுந்திருக்கிறது. துரையிடம் கேட்டால் பிரதேச சபையைக் காட்டுவார். சபையில் கேட்டால் அது கம்பெனிக் காணி என்பார்கள்.

இரண்டாவது பதில் இனிச் செல்லாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை தன் பணத்தைச் செலவிட அதன் பிறகு வழி திறந்திருக்கிறது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் பைப் வருகிறது, அதனோடு எல்போவும் வருவதில்லை, தொட்டியும் வருவதில்லை. பாதிப் பைப் இன்னும் கோவில் சுவரோரம் கிடக்கிறது. நமக்குத் தேவை அன்பளிப்புப் பைப் அல்ல, வரவு செலவுத் திட்டத்தில் நம் டிவிசனின் பெயர்.

அதனால் என் யோசனை, வேலையைப் பிரித்துக் கேட்போம் என்பது. ஊற்றுப் பாதுகாப்பு, தொட்டி, லயம் வரையிலான பெரிய பைப் ஆகியவை நிர்வாகமும் பிரதேச சபையும் செய்ய வேண்டியவை. ஊற்றுக்கு மேலே களைநாசினி அடிக்காமல் இருப்பது நிர்வாகத்தின் கடமை. லயத்திலிருந்து வீட்டு டெப் வரைக்கும் நாம் போடுவோம், நாமே பராமரிப்போம். அதற்கு மேல் நாம் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பில்லையும் ஆள் கணக்கையும் கமிட்டிக் கொப்பியில் எழுதி வைப்போம். லேபர் டேயில் வாயால் கேட்டுவிட்டு வராமல், கடிதம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குவோம். ஒரு பிரதியை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவோம். கணக்கு இல்லாமல் செய்த வேலையைத்தான் கம்பெனி தன் வேலையாகக் காட்டிக்கொள்கிறது.

7 பேர்ச்சில் தனி வீடு கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவியை வாங்கும் முன் டெப்பைத் திறந்து பாருங்கள். சுவருக்குள்ளே பைப் இருப்பதும், பைப்புக்குள்ளே தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல.

எங்கள் டிவிசனில் இப்போது லயத்துக்கு இரண்டு பெண்களும் இரண்டு இளைஞர்களும் ஒட்டத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். ஒரு பிஸ்கட் டின்னில் பிளேட், கம், டேப், நான்கு சொக்கட், இரண்டு எல்போ வைத்திருக்கிறோம். வீட்டுக்கு மாதம் ஒரு சின்னத் தொகை சேர்க்கிறோம். மேல் லயமும் கீழ் லயமும் ஒரே வால்வில் நேரம் பிரித்துத் திறக்கிறோம். தொட்டி மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று கடிதம் கொடுத்தாயிற்று, மூன்றின் பிரதியும் கையில் இருக்கிறது. நான்காவது கடிதத்தை எங்கள் டிவிசன் மட்டும் கொடுக்காமல், எல்லா டிவிசன்களும் ஒரே நாளில் கொடுப்போம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுங்கள், தோழர்களே.