நகோமியின் கசப்பு



அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். ஆலயத்திலேயே இதைக் கேட்டவர்களும் எம்மிடையே உண்டு. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை.

ரூத்தின் புத்தகம் 4 அதிகாரங்களே கொண்டது. அதில் வரும் நகோமி, பஞ்சத்தினால் பெத்லெகேமை விட்டு மோவாபுக்குக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவள். அங்கே கணவனை இழந்தாள். பின்னர் இரு ஆண்மக்களையும் இழந்தாள். ஊர் திரும்பியபோது, இனிமை என்று பொருள்படும் தன் பெயரைச் சொல்லாமல், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்றே தன்னை அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் கேட்டாள். வெறுங்கையோடு தன்னைத் திருப்பி அனுப்பியவர் கடவுளே என்றும் குறைப்பட்டாள். மருமகள் ரூத் கூடவே வந்திருந்தும், அவள் கண்ணில் படவில்லை. துக்கம் அப்படித்தான். இதற்காக நகோமியை யாரும் கண்டித்ததாக அங்கே எழுதப்படவில்லை. சங்கீதங்கள் 150 இலும் இத்தகைய முறையீடுகள் ஏராளம்.

ஆனால் எனக்கு முதிர்ச்சியாகத் தெரிவது அடுத்து நடப்பதுதான். ரூத் வயலில் கதிர் பொறுக்கி வாற்கோதுமையோடு வீடு வந்த மாலையில், எங்கே பொறுக்கினாய் என்று நகோமி விசாரிக்கிறாள். இரக்கம் காட்டிய போவாசுக்காகக் கடவுளின் ஆசீரைக் கேட்கிறாள். பிறகு ரூத்தின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறாள்.

ரூத்துக்குக் குழந்தை பிறந்தபோது மடியில் வைத்து வளர்த்தவள் நகோமியே. அயற்பெண்கள் அதற்கு ஓபேத் என்று பெயரிட்டார்கள். இறந்த தன் பிள்ளைகளை நகோமி மறந்துவிட்டாள் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.