பருத்திக்கு உண்டு கணக்கு, பிள்ளைகளுக்கு?

சர்க்கரை எப்படி வந்தது என்று கேட்டால், கரிசல் காட்டில் சட்டென்று வரும் பதில், ‘எங்க வம்சத்துலயே இருக்கு’ என்பதுதான். அது பாதி உண்மை. மீதி தெரிய வேண்டுமானால், பிறந்த பிள்ளையைப் பேரன் எடுக்கும் வயதுவரை விடாமல் கவனிக்க வேண்டும்.

அந்த வேலையை வேலூர் தொடங்கி வைத்தது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, நீளத்தைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழுவினர் குறித்து வைத்தார்கள். சிறு பிராயத்திலும் பருவ வயதிலும் மறுபடி அளந்தார்கள். அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் சோதித்தபோது, பெற்றோரின் சர்க்கரை ஒரு காரணமாகத் தெரிந்தது. ஆனால், அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் சின்ன வயதில் மெலிந்திருந்து, வளர்ந்தபின் சதை போட்டவர்கள். பால்வாடித் தராசில் குறையும் எடைக்கு முப்பது வயதில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதய நோயில் வம்சத்தின் பங்கும் சிறிதல்ல. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் உண்டு என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்குண்டு. அந்தக் குறையோடு பிறந்தவர்களில் பலருக்கு நடுவயதுவரை ஒன்றும் தெரிவதில்லை. யாருக்கு நோய் முந்தி வருகிறது, ஏன்? காலம் காலமாகத் தொடர்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

வேலூர்க் கணக்கு கரிசல் ஊரான கோவில்பட்டிக்கு அப்படியே பொருந்தாது. இங்கே மானாவாரி விவசாயம். கம்பும் குதிரைவாலியும் போய் ரேஷன் அரிசி வந்த வீடுகள். நாள் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கும் குடும்பங்கள்.

ஒரே பருத்தி விதை மழை பெய்த வருஷம் எப்படிக் காய்க்கும், பொய்த்த வருஷம் எப்படிக் காய்க்கும் என்று இதே ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாகக் கணக்கெடுக்கிறது. இங்கே மனிதர்களுக்கு அப்படியொரு ஏடு கிடையாது. ஏடு தொடங்கப் பெரிய ஊர் வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை ஆகியவை இதயத்துக்கு ஆபத்து என்பதை உலகுக்குப் புரியவைத்தது, கோவில்பட்டியைவிடச் சிறிய அமெரிக்க ஊரான பிரேமிங்காமில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு.

அடித்தளம் இங்கும் இருக்கிறது. கர்ப்பம் தரித்ததும் ‘பிக்மி’ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகிறது, 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இவற்றை இணைத்து, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் கரிசல் பிள்ளைகளுக்கான நெடுங்கால ஆய்வை அரசு தொடங்க வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தாய்க்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். விவரங்கள் வெளியே கசியக் கூடாது. சோதனை முடிவு முதலில் அந்தக் குடும்பத்தின் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.